ஆண்டுக்கொரு முறை போடும் ஊசியும் மருந்துதான்



பிறர் தம் குறைகளைச் சொல்லக் கேட்டுப் பழகிய செவிகள் குருக்களுடையவை. இம்மாதம் அந்த ஒழுங்கை மாற்றி, என் குறைகள் இரண்டை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இரண்டும் பல்லைத் தாங்கி நிற்கும் தாடையெலும்பைப் பற்றியவை. சிறு காரியம் என்றெண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் இல்லத்தில் அறுபது வயதைத் தாண்டிய தாயோ பாட்டியோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் உறவினரோ இருப்பின், இது உங்கள் வீட்டுக் காரியமே.

2023-ஆம் ஆண்டில் எங்கள் பங்கில் இலவசப் பல் மருத்துவ முகாம் ஒன்று நடத்தினோம். பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலிகளைப் போட்டு, இளைஞர்கள் பெயர் பதிந்தனர். வருவோரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நானே ஒரு தாளில் எழுதி அச்சடித்துக் கொடுத்திருந்தேன். பெயர், வயது, சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, இதய நோய் உண்டா, நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள் எவை. எல்லாம் கேட்டாயிற்று என்றே எண்ணியிருந்தேன்.

அன்று வந்தவர்களுள் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகக் கஞ்சியைத் தவிர வேறொன்றும் உண்ணவில்லை. வரிசையில் தயங்கி நின்றவரை, "பயப்படாதீங்கம்மா, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று கைபிடித்து நாற்காலி வரை அழைத்துச் சென்றவன் நானே. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுவதாக அவர் சொன்னார். தாளில் அதுவே பதிவாயிற்று. பல்லைப் பிடுங்கினார்கள். அம்மையார் பஞ்சைக் கடித்தவாறே கைகூப்பிவிட்டு வீட்டுக்குச் சென்றார்.

இரண்டு மாதம் கழித்து, முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது அவரை மீண்டும் கண்டேன். கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்கவே வேதனைப்பட்டார். "பல்லு எடுத்த எடத்துல நாக்கை வச்சா கல்லு மாதிரி ஏதோ தட்டுது சாமி. கீழ் உதடு மரத்துப் போச்சு" என்றார். விளக்கைப் பிடித்து அவர் மகள் எனக்குக் காட்டினாள். ஈறு மூடியிருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறமாய் எலும்பு வெளியே தெரிந்தது.

நகரத்துப் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் வாயைப் பார்த்தவுடன் கேட்ட முதற் கேள்வி, என் தாளில் இல்லாத கேள்வியாயிருந்தது. "எலும்பு பலத்துக்கு ஏதாவது ஊசி போட்டிருக்கீங்களா?" அம்மையார் இல்லையென்று தலையசைத்தார். மகளுக்குத்தான் நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மணிக்கட்டு முறிந்தபோது, சென்னையில் மூத்த மகன் வீட்டில் தங்கியிருந்தார். அப்போது தொடங்கி மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கொரு முறை, சொட்டு மருந்தாய் ஓர் ஊசி ஏற்றியிருந்தனர். அம்மையார் திகைப்புடன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அது மருந்துன்னு நான் நினைக்கலையே சாமி. சத்து ஊசின்னுதானே சொன்னாங்க."

அந்தச் சொல் இன்றும் என் காதில் நிற்கிறது. நாள்தோறும் விழுங்குவது மட்டுமே மருந்து என்பது நம் மக்களின் எண்ணம். ஆண்டுக்கொரு முறை ஏறும் ஊசியை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்? நானும் 'நாள்தோறும்' என்றல்லவா கேட்டிருந்தேன்!

நடந்தது என்ன என்பதை, அந்த மருத்துவர் எனக்கு விளக்கியவாறும் பின்னர் நான் படித்தறிந்தவாறும் கூறுகிறேன். நம் எலும்பு கருங்கல்லைப் போல் மாறாது கிடப்பதன்று. பழைய வீட்டைப் பழுது பார்ப்பதுபோல, உடலானது எலும்பை ஓயாமல் சிறிது சிறிதாக இடித்து, சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டேயிருக்கிறது. இடிப்பதற்கென்று ஒருவகை அணுக்களும், கட்டுவதற்கென்று மற்றொரு வகை அணுக்களும் உள்ளன. இளமையில் இரண்டும் சமமாய் நடைபெறும். முதுமையில், சிறப்பாக மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, இடிக்கும் வேலை மிஞ்சிவிடுகிறது. எலும்பு உள்ளே பொந்து விழுந்து மெலிகிறது. 'எலும்புத் தேய்மானம்' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதன் ஒரு வகையான எலும்புப்புரை நோய் இதுவே. இந்நிலையில் கால் சற்று இடறி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிந்துபோகும்.

இதற்காகத் தரப்படும் மருந்துகள், இடிக்கும் ஆட்களை வேலையினின்று நிறுத்திவைக்கின்றன. வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் ஆகியவை 'பிஸ்பாஸ்போனேட்' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி வேறு குடும்பம். ஆயினும் வேலை அதுவே. புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்கும் இவற்றையே தருகின்றனர். அவர்களுக்கு மாதந்தோறும் கூடத் தருவதால், ஓராண்டில் சேரும் அளவு ஏறத்தாழப் பத்து மடங்கு வரை ஆகிவிடும்.

இடிக்கும் ஆட்கள் போய்விட்டால் வீடு சரியாது நிற்கும், அது நன்மையே. ஆனால் ஒரு சுவரில் திடீரென உடைப்பு ஏற்பட்டால், இடிபாட்டை அள்ளி வெளியேற்ற ஆளில்லை. இடிபாட்டை அள்ளாமல் கொத்தனாரும் புதுச்சுவர் எழுப்ப இயலாது. பல் பிடுங்கிய குழி அத்தகைய உடைப்பேயாகும். மற்ற எலும்புகளைவிடத் தாடையெலும்பு விரைவாகப் புதுப்பிக்கப்பட வேண்டியது. அதை மூடியிருப்பதோ மெல்லிய ஈறு. வாயிலோ கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே காயம் ஆறாமல், எலும்பின் ஒரு பகுதி உயிரற்றுப் போய் வெளியே தெரியத் தொடங்குகிறது. மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையிலேயே இது மிகுதி. எட்டு வாரங்களுக்கு மேலும் எலும்பு மூடப்படாதிருந்து, இம்மருந்து பெற்ற வரலாறும் இருந்து, தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறாதவராயும் இருப்பின், மருந்தினால் நேர்ந்த தாடையெலும்பு மடிவு இது என்று மருத்துவர்கள் முடிவு கட்டுகின்றனர்.

தாடையெலும்பு இவ்வாறு மடிவதை உலகம் முதலில் கண்டது தீப்பெட்டித் தொழிற்சாலைகளில்தான் என்றால் உங்களுக்கு வியப்பாயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சியின் தலையில் வெண் பாஸ்பரசைப் பூசினர். அதன் ஆவியை நாள் முழுதும் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல் வலித்தது, பல் விழுந்தது, பின்பு தாடை அழுகி எலும்பு வெளிவந்தது. வியன்னா நகரில் லோரின்சர் என்னும் மருத்துவர் 1845-இல் இதை எழுதிவைத்தார். சொத்தைப் பல் உள்ளவர்களையே இந்நோய் பெரிதும் பற்றுகிறது என்பதையும் அக்காலத்தவர் கண்டறிந்தனர். 1888 ஜூலையில் லண்டன் மாநகரின் கிழக்கே, ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் குறைந்த கூலியையும் கொடிய அபராதங்களையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். உண்ணும் உணவில் பாஸ்பரஸ் கலவாதிருக்கத் தனி உணவறை வேண்டுமென்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. அவர்கள் நிலையை அதற்கு முந்திய மாதமே எழுதி ஊரறியச் செய்தவர், பின்னாளில் நம் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933-இல் மறைந்த அன்னி பெசன்ட் அம்மையார். 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச்சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது அதற்குப் பின்னரே.

அத்துடன் அந்த நோய் மறைந்தது என்று எல்லாரும் மறந்திருந்த வேளையில், 2003-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மார்க்ஸ் என்னும் தாடை அறுவை மருத்துவர், தாம் கண்ட 36 நோயாளரைப் பற்றி ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அனைவரும் பிஸ்பாஸ்போனேட் ஊசி பெற்றவர்கள். பெரும்பாலோருக்குப் பல் பிடுங்கிய பின்னரே எலும்பு வெளிப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் பகுதியினின்று மேலும் 63 பேரைப் பற்றிய செய்தி வந்தது. பழைய தீப்பெட்டி நோயும் இதுவும் ஒன்றேயென்று சொல்வதற்கில்லை. எனினும் இரண்டிலும் நோய் தாடைக்குள் நுழைந்த வாசல் கெட்டுப்போன பல்லாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி என் இரண்டாவது குறைக்கு வருகிறேன். அம்மையாருக்கு நேர்ந்ததைக் கண்டு என் மனம் துடித்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்புகளை வாசிக்கையில், என் துடிப்பையும் சேர்த்து வாசித்துவிட்டேன். "எலும்புக்கு ஊசி போடுகிறவர்கள் மிகவும் எச்சரிக்கையாயிருங்கள். தாடையே அழுகிவிடும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்ன எச்சரிக்கை, எவ்வாறு என்று சொல்லவில்லை.

முன் வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டார். நான்கு ஆண்டுகளாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி பெற்று வந்தவர் அவர். யாரிடமும் கேளாமல் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டார். கடைசி ஊசிக்குப் பத்து மாதம் ஆன நிலையில், தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியபோது முதுகில் மின்னல் வெட்டியதுபோல் வலித்தது. படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பின் மூன்று கண்ணிகள் நசுங்கியிருந்தன. பார்க்கச் சென்ற என்னிடம், குறை சொல்லும் தொனியே இல்லாமல், "நீங்க சொன்னீங்களேன்னு நிறுத்திட்டேன் சாமி" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பிலேயே தங்கிப் பல ஆண்டுகள் வேலை செய்பவை. டெனோசுமாபின் வலிமையோ ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தவுடன், அடக்கிவைக்கப்பட்டிருந்த இடிக்கும் அணுக்கள் முன்னிலும் வேகமாய் எழுகின்றன. அதனால்தான் அந்த ஊசியை, வேறு மருந்தைத் தொடங்காமல், தாமாக நிறுத்துவது பேராபத்து. அம்மருந்தைப் பற்றி அறிந்த எந்த மருத்துவரும் இதை அந்த ஆசிரியைக்குச் சொல்லியிருப்பார். அவரோ மருத்துவரிடம் போகாமல் என் பாதிச் சொல்லை நம்பினார்.

ஆகவே முழுவதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எலும்புப்புரை நோய்க்காகப் பிஸ்பாஸ்போனேட் பெறுவோரில் தாடையெலும்பு மடிவு காண்போர், அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, பத்தாயிரம் பேருக்கு 2 முதல் 5 பேர் மட்டுமே. டெனோசுமாப் பெறுவோரில் இது சற்று மிகுதியாகலாம், ஆயினும் அரிதே. புற்றுநோய்க்காக மிகுந்த அளவில் பெறுவோரிடம் கூடுதலாயினும், அதுவும் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவென்றே அவ்வறிக்கை கூறுகிறது. மறுபுறம் பாருங்கள். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களுக்கு அலெண்ட்ரோனேட் கொடுத்துச் சோதித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய முதுகெலும்பு முறிவும் இடுப்பெலும்பு முறிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர் என்பதை நினைத்தால், இம்மருந்து காப்பாற்றும் உயிர்கள் எத்தனை என்பது விளங்கும். மருந்து பகையன்று, அதைப் பெற்றதை மறைப்பதும் மறப்பதுமே பகை.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, இம்மருந்துகளைத் தொடங்குமுன் பல் மருத்துவரை ஒருமுறை காண்பது. சொத்தையை அடைக்கவோ, காப்பாற்ற இயலாத பல்லை எடுக்கவோ வேண்டுமாயின், அதை முன்னரே முடித்து, காயம் ஆறிய பின் ஊசியைத் தொடங்கினால் பெரும்பாலும் தொல்லையில்லை. புற்றுநோயாளருக்கு இது மிக மிக முக்கியம். எலும்பு முறிவு நேர்ந்து அவசரமாய்த் தொடங்க வேண்டியிருந்தால், மருத்துவர் சொற்படி நடவுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே மருந்து பெறுவோர் வாயைத் தூய்மையாய்ப் பேணுவது. காலையும் இரவும் பல் துலக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்செட் அணிவோர், அது ஈற்றை எங்கேனும் உரசுகிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். செட்டின் உரசலே புண்ணாகி எலும்பு வெளிப்பட்டவர்களும் உண்டு. பல்லில் கறையும் காரையும் நீக்குவது, சொத்தையை அடைப்பது, வேர்ச் சிகிச்சை என்னும் 'ரூட் கெனால்' செய்வது ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உண்மையில், பிடுங்க வேண்டிய நிலை வராமல் தடுப்பவை அவையே. புகைப்பழக்கமும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோரும் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும்.

மூன்றாவது, பல்லை எடுத்தே தீர வேண்டுமாயின், எலும்பு மருத்துவரும் பல் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசட்டும். எப்போது எடுப்பது, அடுத்த ஊசி எப்போது, கிருமிக்கொல்லி மருந்து எவ்வளவு நாள் என்பதை அவர்கள் தீர்மானிப்பர். கெட்டழுகிய பல்லை அச்சத்தால் வாயிலேயே வைத்திருப்பதும் தவறு. அந்தச் சீழும் எலும்பைக் கெடுக்கும்.

நான்காவது, அறிகுறிகளை அசட்டை செய்யாதிருப்பது. பல் எடுத்த குழி இரண்டு மூன்று வாரங்களாகியும் மூடாமை, நாக்கில் கரடுமுரடாய்த் தட்டுதல், சீழ், துர்நாற்றம், காரணமின்றிப் பல் ஆடுதல், கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே செல்லுங்கள். எட்டு வாரம் என்பது மருத்துவர் நோய்க்குப் பெயரிட வைத்துக்கொண்ட கணக்கு. நீங்கள் காத்திருக்க வேண்டிய கெடுவன்று. ஆரம்பத்திலேயே வந்தால், கிருமிக்கொல்லி நீரால் வாய் கொப்பளிப்பதும் மாத்திரைகளுமே பலருக்குப் போதுமானதாகிறது. முற்றினால் மடிந்த எலும்பை அறுத்தெடுக்க வேண்டிவரும்.

முகாமுக்கு வந்த அம்மையாருக்கு அவ்வாறே அறுத்தெடுத்தார்கள். நகக்கண் அளவு எலும்புத் துண்டு ஒன்று. பிடுங்கிய நாளிலிருந்து ஈறு மூடுவதற்கு ஒன்பது மாதம் ஆயிற்று. உதட்டு மரப்பு இன்னும் முழுதாய் நீங்கவில்லை. காப்பி குடிக்கையில் ஓரமாய் ஒழுகுவது தெரிவதில்லை என்று தாமே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க என்ன பண்ணுவீங்க சாமி, எனக்கே தெரியலையே" என்றார். அந்த அம்மையாருக்குத் தெரியாமற் போனது குற்றமன்று. கேட்க வேண்டியவன் சரியாய்க் கேட்காததே குற்றம். ஆசிரியை இப்போது மாற்று மருந்து பெற்று, இடைவாரை அணிந்து கோயிலுக்கு வருகிறார். குனிந்து எதையும் தூக்குவதில்லை.

சென்ற ஆண்டு முகாம் மீண்டும் நடந்தது. தாளில் ஒரு வரி கூட்டினோம்: "எலும்புக்காகவோ புற்றுநோய்க்காகவோ, வாரத்துக்கு, மாதத்துக்கு, ஆறு மாதத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒரு முறை மாத்திரையோ ஊசியோ எப்போதாவது பெற்றதுண்டா?" 'எப்போதாவது' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தோம். ஏனெனில் சில மருந்துகளை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அவை எலும்பில் இருக்கின்றன. அந்த ஒரு வரிக்கு அன்று நான்கு பேர் 'ஆம்' என்றனர். அவர்களுள் ஒருவருக்கும் நாங்கள் அங்கே பல் பிடுங்கவில்லை. எலும்பு மருத்துவரைக் கண்டு வருமாறு சீட்டெழுதி அனுப்பினோம்.

உங்களிடம் வேண்டுவது ஒன்றே. இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், வீட்டுப் பெரியவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 'சத்து ஊசி' என்று சொன்னால் அத்துடன் விட்டுவிடாமல், பழைய மருத்துவமனைக் கோப்பை எடுத்துப் பெயரைப் பாருங்கள். பெயரையும், கடைசியாய்ப் போட்ட தேதியையும், எத்தனை முறை என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அவர் எங்கே சென்றாலும் உடன் எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். பல் மருத்துவர் கேளாவிடினும் நீங்களே அதை எடுத்து நீட்டுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.